முதுமைக்கு ஒரு பொது அளவை

முதியோரைப் பேண வேண்டும் என்பதில் எந்த நாட்டிலும் அபிப்பிராய பேதம் இல்லை. யாருக்கு, எவ்வளவு, எந்த ஆதாரத்தின் பேரில் என்று கேட்கத் தொடங்கும்போதுதான் சங்கடம் பிறக்கிறது. பொதுமக்களின் சந்தாவையும் வரிப்பணத்தையும் திரட்டி வைத்திருக்கும் ஒரு நிதியிலிருந்து, இந்த வீட்டு மூதாட்டியைக் குளிப்பாட்ட வாரந்தோறும் ஆள் அனுப்புவதென்றும், அடுத்த தெருவில் இருக்கும் பெரியவருக்கு அது அவசியமில்லையென்றும் யாரோ ஒருவர் தீர்மானித்தாக வேண்டும். அந்தத் தீர்மானம் அதிகாரியின் மனோதர்மத்தைப் பொறுத்ததாக இருந்தால் பெறுபவர் யாசகராகிவிடுகிறார். குடும்பத்தின் செல்வாக்கைப் பொறுத்ததாக இருந்தால் பெறாதவருக்கு அநீதி விளைகிறது. ஆகவே, ஒரு மனிதருக்கு அன்றாட வாழ்க்கையில் எவ்வளவு துணை வேண்டும் என்பதை ஊருக்கு ஊர் மாறாமல், ஆள் பார்த்துப் பேதம் பாராட்டாமல் அளந்து சொல்லும் ஒரு முறை தேவைப்படுகிறது. அத்தகைய முறையைத் தேசம் முழுவதற்கும் ஏற்படுத்தி, கால் நூற்றாண்டுக்கு மேலாக நடத்தியும் திருத்தியும் வரும் நாடு ஜப்பான். 2000-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி அங்கே அமலுக்கு வந்த முதியோர் பராமரிப்புக் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆதாரமாக நிற்பது அந்த அளவைதான்.

சட்டம் பிறந்த சூழ்நிலை

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு ஜப்பானியரின் ஆயுள் நீண்டுகொண்டே வந்தது. வீடுகளோ சுருங்கிக்கொண்டே வந்தன. மாமனார் மாமியாரைக் கடைசி மூச்சு வரை பார்த்துக்கொள்வது மூத்த மகனின் மனைவிக்கு உரிய கடமை என்று சமூகம் விதித்திருந்த வழக்கம் மட்டும் மாறவில்லை. அரியோஷி சவாகோ என்ற பெண் எழுத்தாளர், வேலைக்குப் போகும் ஒரு மருமகள் நினைவிழந்து வரும் மாமனாரை வைத்துக்கொண்டு படும் பாட்டை, ‘கோகோட்சு நோ ஹிதோ’ என்ற நாவலில் 1972-இல் எழுதியபோது, அதுவரை ஒவ்வொரு வீட்டின் கதவுக்குள்ளும் மறைந்திருந்த துயரம் தேசத்தின் பொதுப் பேச்சாயிற்று. மறு ஆண்டிலேயே எழுபது வயதைக் கடந்தவர்களுக்கு வைத்தியம் இலவசமாக்கப்பட்டது. அதன் பயனாக எதிர்பாராத ஒன்றும் நேர்ந்தது: வீட்டில் வைத்துப் பார்க்க முடியாத முதியோரை, சிகிச்சைக்கு அவசியம் இல்லாத நிலையிலும், ஆஸ்பத்திரிகளில் சேர்த்து மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் அங்கேயே விட்டுவிடும் பழக்கம் பரவியது. ‘சமூகக் காரணத்தால் ஆஸ்பத்திரிவாசம்’ என்று இதை அந்நாட்டவர் குறிப்பிட்டனர். நோய்க்காக ஏற்பட்ட கட்டில்களில் முதுமை படுத்திருந்தது. செலவும் பெருகிற்று, படுத்தவர்களின் நிலையும் சீர்கெட்டது.

முதியோர் நலத்துக்கென 1963-இலேயே தனிச் சட்டம் இருந்ததென்றாலும், அதன்படி யாருக்கு இடம் கொடுப்பது, யாருக்கு உதவியாளை அனுப்புவது என்பதை நிர்வாகமே தீர்மானித்து ஒதுக்கீடு செய்தது. விண்ணப்பிப்பவரின் வருமானம் விசாரிக்கப்பட்டது. கேட்பவர் தேர்ந்தெடுக்க இயலாது; கேட்பதே கௌரவக் குறைவு என்று பல குடும்பங்கள் கருதின. இந்த நிலையை மாற்றவே, 1997-ஆம் ஆண்டு டிசம்பரில் பாராளுமன்றம் பராமரிப்புக் காப்பீட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. நாற்பது வயதைத் தாண்டிய ஒவ்வொருவரும் சந்தா கட்ட வேண்டும். செலவில் பாதி அந்தச் சந்தாவிலிருந்தும், மறுபாதி மத்திய அரசு, மாகாணம், நகராட்சி ஆகிய மூன்றின் வரிப்பணத்திலிருந்தும் வரும். அறுபத்தைந்து வயதைக் கடந்தவர் எந்தக் காரணத்தால் தளர்ந்தாலும் உதவிக்கு உரியவர். நாற்பதுக்கும் அறுபத்துநான்குக்கும் இடைப்பட்டவர், முதுமையோடு சம்பந்தப்பட்ட 16 வகை நோய்களுள் ஒன்றால் தளர்ந்திருந்தால் உரியவர்.

சட்டம் எளிதில் வந்துவிடவில்லை. பிள்ளைகள் பெற்றோரைப் பேணுவது ஜப்பானின் அழகிய மரபு, அரசாங்கத் திட்டம் அதைக் குலைத்துவிடும் என்று ஆளுங்கட்சியின் தலைவர்களிலேயே சிலர் வாதித்தனர். அந்த வாதத்தின் வேகத்தால், திட்டம் தொடங்கிய முதல் ஆறு மாதம் முதியோரிடமிருந்து சந்தா வாங்குவதே நிறுத்திவைக்கப்பட்டது. மற்றொரு பக்கம், குடும்பத்தாருக்கு ரொக்கமாகப் பணம் கொடுத்துவிடலாமே என்ற யோசனையும் எழுந்தது. ஜெர்மனியில் அப்படிப் பெற்றுக்கொள்ளவும் வழி இருக்கிறது. ஆனால் ஹிகுச்சி கேகோ முதலிய பெண்கள் இயக்கத் தலைவர்கள் அதை உறுதியாக எதிர்த்தார்கள். பணத்தை வாங்குவது குடும்பமாகவும், உழைப்பது மருமகளாகவுமே இருக்கும் என்பது அவர்களுடைய ஆட்சேபம். இறுதியில் ரொக்கம் இல்லை, சேவையே உண்டு என்று முடிவாயிற்று. சேவை என்றால் அளந்துதான் கொடுக்க வேண்டும். அளவை அத்தனை முக்கியமானது இதனால்தான்.

வீடு தேடி வரும் விசாரணை

உதவி வேண்டுபவர், அல்லது அவர் சார்பில் குடும்பத்தார், நகராட்சி அலுவலகத்தில் மனுச் செய்கின்றனர். அக்கம்பக்கத்துக்கென்று ஏற்பட்டிருக்கும் முதியோர் உதவி நிலையத்தின் வழியாகவும் மனுச் செய்யலாம். மனுவுக்குப் பின், பயிற்சி பெற்ற விசாரணையாளர் ஒருவர், நகராட்சி ஊழியராகவோ நகராட்சியின் சார்பில் அமர்த்தப்பட்டவராகவோ, முதியவர் இருக்கும் இடத்துக்கே, அது வீடானாலும் ஆஸ்பத்திரியானாலும், நேரில் வருகிறார். அவர் கையில் இருக்கும் வினாப்படிவத்தில் 74 அம்சங்கள் உள்ளன. ஹொக்கைடோவின் பனிக்கிராமத்திலும் டோக்கியோவின் மாடிக் குடியிருப்பிலும் அதே 74 அம்சங்கள்தாம்.

அவை மூவகையானவை. முதல் வகை சக்தியைப் பற்றியது. ஐந்து மீட்டர் தூரம் எதையும் பற்றாமல் நடக்க முடிகிறதா, பற்றிக்கொண்டு முடிகிறதா, முடியவே இல்லையா. இரு கால்களையும் ஊன்றிப் பத்து விநாடி நிற்க இயலுமா. ஒற்றைக் காலில் ஒரு விநாடியேனும் நிற்க இயலுமா. சாய்ந்துவிடாமல் பத்து நிமிஷம் உட்கார்ந்திருக்க முடியுமா என்று பார்க்கிறார்கள். பெயரையும் வயதையும் கேட்கிறார்கள். வயதைச் சொல்வதில் இரண்டு வருஷம் தவறினாலும் குற்றமாகக் கொள்வதில்லை. இப்போது எந்தப் பருவகாலம் என்று கேட்கிறார்கள். ஞாபகசக்தி ஐயத்துக்கு இடமானால், பேனா, கடிகாரம் போன்ற மூன்று பொருள்களைக் காட்டி மறைத்துவிட்டு, வேறு பேச்சுப் பேசி ஐந்து நிமிஷம் கழித்து, அவற்றுள் இரண்டை மட்டும் காட்டி, எந்தப் பொருள் இப்போது இல்லை என்று விசாரிப்பதும் உண்டு.

இரண்டாம் வகை, துணை எந்த விதத்தில் கிடைக்கிறது என்பது. உணவு, மலஜலம், முகம் கழுவுதல், தலைவாருதல், உடை மாற்றுதல், மருந்து உட்கொள்ளுதல், பணத்தைக் கையாளுதல், கடைக்குப் போதல், எளிய சமையல் ஆகியவற்றில் ஒருவர் தாமே செய்கிறாரா, பக்கத்தில் ஆள் நிற்க வேண்டியிருக்கிறதா, பாதி செய்துவிட வேண்டியிருக்கிறதா, முழுவதும் பிறரே செய்கிறார்களா என்று தரம் பிரிக்கிறார்கள். அன்றைய ஒரு நாளைக் கொண்டு இதை முடிவு செய்வதில்லை. சுமார் ஒரு வாரத்தின் வழக்கத்தைக் கேட்டுக்கொள்கிறார்கள்.

மூன்றாம் வகை, உண்டா இல்லையா என்று கேட்பது. கைகால் முடக்கம், மூட்டு இறுக்கம் ஆகியவற்றோடு, மனம் தடுமாறுவதன் அடையாளங்களும் இதில் அடங்கும். பொருளை யாரோ திருடிவிட்டார்கள் என்று குற்றம் சாட்டுவது, பகலில் உறங்கி இரவில் விழித்திருப்பது, சொன்னதையே ஓயாமல் சொல்வது, வீட்டில் இருந்துகொண்டே வீட்டுக்குப் போக வேண்டும் என்று பரபரப்பது, பராமரிக்க வருபவரை எதிர்ப்பது, வெளியே போய் வழி தெரியாமல் திகைப்பது ஆகியவை சென்ற ஒரு மாதத்தில் நிகழ்ந்தனவா, எத்தனை முறை நிகழ்ந்தன என்று விசாரிக்கிறார்கள். இத்தகைய குழப்பங்களோடு இரவு பகலாகப் போராடிய குடும்பத்துக்கு, தன் அனுபவம் ஓர் அரசாங்கப் படிவத்தில் பெயர் பெற்று நிற்பதைக் காண்பதே ஒருவகை ஆறுதல்.

படிவத்தில் கட்டங்களைக் குறிப்பதோடு விசாரணையாளரின் வேலை முடிவதில்லை. ஒவ்வோர் அம்சத்துக்கும் எதிரே, கண்டதையும் கேட்டதையும் சாதாரண வாக்கியங்களில் எழுதும் ‘விசேஷக் குறிப்பு’ என்ற பகுதி ஒன்று இருக்கிறது. ‘தாமே உடுத்துகிறார்’ என்ற கட்டத்துக்கு அருகே, ‘ஆயினும் குளிர்காலத்தில் மெல்லிய சட்டையோடு நிற்பதால் மகள் தினமும் துணியை எடுத்து வரிசையாக வைக்கிறார்’ என்ற தோரணையில் எழுதினால்தான் வாழ்க்கையின் உண்மை தெரியவரும். இதற்கிடையில், முதியவரை வழக்கமாகப் பார்க்கும் வைத்தியரிடமிருந்து ஓர் அபிப்பிராயப் பத்திரத்தை நகராட்சியே கேட்டு வாங்குகிறது; அதற்குரிய கட்டணத்தை மனுதாரர் கொடுக்க வேண்டியதில்லை.

நிமிஷங்களின் கணக்கு

சேகரித்த விடைகள் முதலில் கணினிக்குச் செல்கின்றன. கணினி விடையாகத் தருவது நோயின் பெயரையன்று. ஒரு நாளில் இந்த மனிதருக்காகப் பிறர் செலவிட வேண்டிய நிமிஷங்களின் மதிப்பீட்டை. இந்த மதிப்பீட்டுக்கு அடிப்படையாக அமைந்தது ஒரு பெரும் ஆராய்ச்சி. முதியோர் இல்லங்களிலும் நீண்டகால ஆஸ்பத்திரிகளிலும் இருந்த 3,500 பேருக்கு, 48 மணி நேரம், யார் என்ன உதவி செய்தார்கள், அதற்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்பதை நிமிஷம் நிமிஷமாகப் பதிவு செய்தார்கள். எந்த நிலையில் இருப்பவருக்கு எந்த உதவி எவ்வளவு நேரம் தேவைப்படுகிறது என்ற தொடர்பை அதிலிருந்து கண்டார்கள். உணவு, மலஜலம், நடமாட்டம், உடல் சுத்தம், வீட்டு வேலை போன்ற மறைமுக உதவி, மனத்தடுமாற்றத்தைச் சமாளித்தல், உடற்பயிற்சி, வைத்தியம் சார்ந்த உதவி என்று எட்டுத் துறைகளில் நிமிஷங்களைத் தனித்தனியே கண்டு கூட்டுகிறார்கள். உணவு ஒன்றுக்கே, தாமே உண்பவருக்குச் சுமார் ஒரு நிமிஷமும், முற்றிலும் ஊட்டிவிட வேண்டியவருக்கு எழுபது நிமிஷத்துக்கு மேலும் கணக்காகும்.

கூட்டுத்தொகை 25 நிமிஷத்துக்குக் குறைந்தால் காப்பீட்டு உதவிக்கு இடமில்லை. 25 முதல் 32-க்குள் இருந்தால் ‘உதவி நிலை 1’. 32 முதல் 50-க்குள் ‘உதவி நிலை 2’ அல்லது ‘பராமரிப்பு நிலை 1’. அறிவு மங்குதல், உடல்நிலையின் ஸ்திரமின்மை ஆகியவற்றைப் பார்த்து இவ்விரண்டில் ஒன்றை நிர்ணயிக்கிறார்கள். அதற்கு மேல் 70-க்குள் பராமரிப்பு நிலை 2, 90-க்குள் நிலை 3, 110-க்குள் நிலை 4. 110 நிமிஷமும் அதற்கு மேலும் நிலை 5. இந்த நிமிஷங்கள் வீட்டில் ஒருவருக்காக உண்மையில் செலவாகும் நேரத்தைக் குறிப்பவை அல்ல என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஊர்ச் சந்தையில் எல்லாத் தானியத்துக்கும் ஒரே படியைக் கொண்டு அளப்பது போல, பலவகைத் தளர்ச்சிகளை ஒப்பிட்டுப் பார்க்க வைத்துக்கொண்ட பொது அலகு அது. நிலை 5-இல் உள்ளவரைப் பார்த்துக்கொள்ளும் மகளின் நாள் 110 நிமிஷத்தில் முடிந்துவிடுவதில்லை.

நோயின் கடுமை வேறு, பராமரிப்பின் தேவை வேறு என்ற உண்மையை இந்த முறை நன்கு விளங்கவைக்கிறது. நினைவு தவறியவர்களில், உடலில் வேறு குறையின்றி நடமாடும் ஒருவர், எப்போது எழுந்து எங்கே போவாரோ என்று சதா கண்காணிக்கப்பட வேண்டியவராக இருக்கலாம். அதே நோய் முற்றிப் படுக்கையில் விழுந்துவிட்ட இன்னொருவருக்கு அத்தனை நேரம் தேவைப்படாமலும் போகலாம். வைத்தியரின் கணக்கில் இரண்டாமவர் மோசமானவர். பராமரிப்பவரின் கணக்கில் முதலாமவருக்கே மிகுதியான நேரம் வேண்டியிருக்கிறது.

ஐவர் கூடிச் செய்யும் முடிவு

கணினியின் மதிப்பீடு முதல் தீர்ப்புத்தான். இறுதித் தீர்ப்பை, வைத்தியர், நர்ஸ், சமூக சேவகர் முதலிய துறை அறிஞர்கள் சுமார் ஐந்து பேர் அடங்கிய பரிசீலனைச் சபை செய்கிறது. கணினிக்குப் புலப்படாத விசேஷக் குறிப்புகளையும் வைத்தியரின் பத்திரத்தையும் அவர்கள் படித்து, முதல் தீர்ப்பை ஏற்கலாம், உயர்த்தலாம், தாழ்த்தலாம். குறிப்பில் எழுதப்பட்ட ஆதாரம் இல்லாமல் வெறும் அனுதாபத்தின் பேரில் மாற்ற இடமில்லை. ஆகையால் விசாரணையாளர் எழுதும் இரண்டு வாக்கியங்கள் ஒருவருடைய தலைவிதியையே மாற்றக்கூடியவை.

மனுச் செய்த 30 நாட்களுக்குள் முடிவு தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் தாமதமாவது சகஜமாக இருக்கிறது. ஆயினும், உரிமை மனுச் செய்த தேதியிலிருந்தே தொடங்குவதாகக் கொள்ளப்படுகிறது. முதல் நிர்ணயம் பொதுவாக ஆறு மாதம் செல்லும். புதுப்பிக்கும்போது அதிக காலத்துக்குத் தரலாம். இடையில் நிலைமை மோசமானால் மறுபடி அளக்கும்படி கேட்கலாம். முடிவில் திருப்தியில்லையானால், மாகாணத்தில் உள்ள மேல்முறையீட்டுச் சபைக்கு மூன்று மாதத்துக்குள் முறையிடலாம்.

நிலை தெரிந்த பிறகு, மாதத்துக்கு எவ்வளவு சேவை பெறலாம் என்ற உச்சவரம்பும் தெரிகிறது. அதை ‘யூனிட்’ என்ற அலகில் குறிக்கிறார்கள். ஒரு யூனிட் ஏறக்குறைய 10 யென். உதவி நிலை 1-க்கு 5,032 யூனிட்டும், பராமரிப்பு நிலை 5-க்கு 36,217 யூனிட்டும் மாத வரம்பு. பெரும்பாலோர் செலவில் பத்தில் ஒரு பங்கைக் கையிலிருந்து கொடுக்கிறார்கள். வருமானம் மிகுந்தவர் இரண்டு அல்லது மூன்று பங்கு கொடுக்கிறார்கள். ‘கேர் மேனேஜர்’ என்று அழைக்கப்படும் ஆலோசகர், குடும்பத்தோடு கலந்து, வீட்டுக்கு வரும் ஹெல்ப்பர், பகல்நேர நிலையத்தில் நீராட்டு, சில நாள் தங்கவைக்கும் ஏற்பாடு ஆகியவற்றைக் கொண்டு ஒரு திட்டம் வகுக்கிறார். அவருடைய ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. சக்கர நாற்காலியும் விசேஷக் கட்டிலும் வாடகைக்குப் பெற, பொதுவாகப் பராமரிப்பு நிலை 2 வேண்டும். அரசு ஆதரவில் நடக்கும் விசேஷ முதியோர் இல்லத்தில் சேர, 2015 முதல் நிலை 3 வேண்டும் என்பது பொதுவிதி. ஆகவே, ஓர் எண்ணின் ஏற்றத்தாழ்வில் ஒரு குடும்பத்தின் தூக்கமும் உத்தியோகமும் தொங்குகின்றன.

அளவையின் குறைகள்

மனிதர் செய்த எந்த அளவையும் பூரணமானதல்ல. உடல் திடமாக இருந்து அறிவு மட்டும் மங்கியவர்களின் சிரமத்தை ஆரம்ப கால முறை மிகவும் குறைத்து மதிப்பிட்டது என்று குடும்பங்கள் முறையிட்டன. பின்னர் முறையைத் திருத்தி அமைத்தார்கள். 2009-ஆம் ஆண்டு ஏப்ரலில் வந்த மாறுதல் இதைவிடப் பெரிய கலக்கத்தை விளைவித்தது. நடைமுறையில் கிடைக்கும் துணையை மட்டுமே குறிக்க வேண்டும் என்று விதித்ததனால், உதவ ஆளின்றித் தவித்த முதியவர், ‘துணை கிடைக்கவில்லை’ என்பதனாலேயே துணை தேவையற்றவராகக் கருதப்படும் விபரீதம் நேர்ந்தது. தனித்து வாழும் ஏழைக்கு அது பெருந்தீங்கு. எதிர்ப்பு பலமாக எழுந்தது; அதே ஆண்டு அக்டோபரில், கிடைக்கும் துணை போதாததாக இருந்தால் உரிய துணை எதுவோ அதையே குறிக்கலாம் என்று விதியைத் திருத்தினார்கள். தவறு செய்த அளவையை ஆறே மாதத்தில் பகிரங்கமாகத் திருத்திக்கொள்ள நேர்ந்ததைத் திட்டத்தின் தோல்வியாக நான் கருதவில்லை. விதி எழுத்தில் இருந்ததனால்தான் அதன் பிழையைச் சுட்டவும் முடிந்தது. அதிகாரியின் மனத்துக்குள் இருக்கும் விதியை யாரால் திருத்த முடியும்?

விதியால் திருத்த இயலாத குறை ஒன்றும் உண்டு. அன்னியர் ஒருவர் வீட்டுக்கு வந்து, ‘உங்களால் இது முடியுமா?’ என்று வினவும்போது, சுயமரியாதை உள்ள பெரியவர் ‘முடியும்’ என்றே சொல்வார். நேற்று வரை எழுந்திருக்கத் தயங்கியவர் அன்று நிமிர்ந்து அமர்ந்து, உபசார வார்த்தை பேசி, நாலடி நடந்தும் காட்டுவார். எதிரே உட்கார்ந்திருக்கும் மகள், உண்மையைச் சொன்னால் தந்தையின் மனம் புண்படுமே என்று மௌனமாக இருந்துவிட்டால், அளவை பொய்யாகிவிடுகிறது. அதனால்தான், விசாரணையின்போது குடும்பத்தார் உடனிருக்க வேண்டும், இரவில் எத்தனை முறை எழுப்பினார், எப்போது விழுந்தார் என்பன போன்ற விவரங்களைக் குறித்து வைத்திருக்க வேண்டும், முதியவர் எதிரில் சொல்லக் கூசுவதைத் தனியே விசாரணையாளரிடம் சொல்ல வேண்டும் என்று அனுபவசாலிகள் அறிவுறுத்துகிறார்கள். மிகைப்படுத்துவதும் மறைப்பதும் ஒரே குற்றத்தின் இரு பக்கங்கள். இரண்டும் உண்மைத் தேவையை மறைத்துவிடுகின்றன.

செலவின் பாரமும் சிறிதன்று. தொடக்கத்தில் முதியோரின் மாதச் சந்தா நாட்டின் சராசரியாக 2,911 யென்னாக இருந்தது. 2024 முதல் மூன்று ஆண்டுகளுக்கு அது 6,225 யென். தொடக்கத்தில் சுமார் 22 லட்சம் பேர் உதவிக்கு உரியவராகக் கணிக்கப்பட்டனர். இப்போது அத்தொகை சுமார் 70 லட்சம். பராமரிப்பு ஊழியருக்குப் பற்றாக்குறையும் கடுமையாக இருக்கிறது. நிதி இறுகும்போதெல்லாம் அளவையின் வரம்புகளைச் சற்றே நகர்த்திச் செலவைக் குறைக்கலாம் என்ற ஆசை ஆள்பவர்களுக்கு எழுவது இயல்பு. தேவையை அளக்கும் கோல் வேறு, நிதியைக் காக்கும் பூட்டு வேறு. முன்னதைப் பின்னதாக மாற்றினால் பொதுமக்களின் நம்பிக்கை நசித்துப்போகும்.

மனிதனை நிமிஷக் கணக்காக்குவது இரக்கமற்ற செயல் என்று சொல்பவர்கள் உண்டு. அந்த ஆட்சேபத்தில் உள்ள நல்லெண்ணத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அதன் முடிவை ஏற்க என்னால் இயலவில்லை. அளக்கப்படாத துன்பம் அதிகமாகச் சத்தம் போடுபவருக்கே பரிகாரம் தேடித் தரும். சொல்லத் தெரியாதவரும், சொல்ல நாணுபவரும், சொல்ல ஆளில்லாதவரும் வெறுங்கையோடு நிற்பார்கள். எல்லோரிடமும் அதே கேள்விகளைக் கேட்டு, விடையை எழுத்தில் வைத்து, ஐவர் கூடிப் படித்து, தவறினால் முறையிடவும் வழி வைக்கும்போது, உதவி தானம் என்ற நிலையிலிருந்து உரிமை என்ற நிலைக்கு உயர்கிறது. 2005-இல் செய்த திருத்தத்தின் மூலம் அந்தச் சட்டத்தின் நோக்கத்திலேயே ‘மனித கண்ணியம்’ என்ற கருத்தைச் சேர்த்தார்கள். கண்ணியம் என்பது சேவையின் தரத்தில் மட்டும் இல்லை. அந்தச் சேவையை யாருக்கும் தலைவணங்காமல் பெறுவதிலும் இருக்கிறது. முதுமையை எதிர்நோக்கும் எந்தச் சமூகமும் பணம் எங்கிருந்து வரும் என்று யோசிப்பதற்கு ஒப்பாக, தேவையை எப்படி அளப்போம், அந்த அளவை தவறினால் யார் திருத்துவார்கள் என்பதையும் யோசித்து வைக்க வேண்டும் என்பதே ஜப்பானின் இருபத்தைந்து வருஷ அனுபவத்திலிருந்து நாம் கற்கத்தக்க பாடம்.